கொத்தைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள்

போன மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேப்பமரம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் காய்ந்த கொத்து ஒன்றை என் கையில் கொடுத்து, "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம் சார்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வட்டமாகத் திண்டு, உள்ளே இரண்டடி உயரத்துக்கு மண், மேலே டைல்ஸ். பதினைந்து வருடங்களுக்கு முன் என் வீட்டு வேம்புக்கு நான் செய்த அதே கைங்கரியம்.

கன்றைப் பையோடு நடுவது, உச்சி வெயிலில் மருந்தடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நல்லது என்று நம்பிச் செய்கிறோமே, அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

மேடை கட்டி மண் நிரப்புவது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கும்போதே நன்றாக வளர்ந்திருந்த வேம்பு. சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்க ஆசைப்பட்டு, கொத்தனாரை வைத்துத் திண்டு கட்டி, ஒரு லோடு செம்மண் கொட்டினேன். இரண்டு வருடம் மரம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தவறு யாருக்கும் உறைக்காமல் போவதற்கு அந்த இரண்டு வருடம்தான் காரணம். மூன்றாம் வருடம் உச்சி இலைகள் சிறுத்தன. நான்காம் வருடம் நுனிக் கிளைகள் காய்ந்தன. பூச்சி என்றார்கள். வேப்பமரத்துக்கே வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்த புண்ணியவான் நான். யூரியாவும் போட்டேன். ஒரு கார்த்திகை மழையில் திண்டின் இடுக்கிலிருந்து பழுப்பாக, விசிறி போல ஒரு மரக்காளான் எட்டிப் பார்த்தபோதுதான் மண்ணைத் தோண்டினேன். அடிப்பட்டை ஈரத்தில் ஊறிய அட்டைபோல விரலோடு வந்தது. மறு வருடம் மரத்தை எடுக்க வேண்டியதாயிற்று. கிரேன் கூலி திண்டு கட்டிய செலவைப் போலப் பல மடங்கு.

நடந்தது இதுதான். வேரின் பட்டை மண்ணுக்குள் இருக்கப் பிறந்தது. தண்டின் பட்டை காற்றில் காயப் பிறந்தது. தண்டைச் சுற்றி எப்போதும் ஈர மண் இருந்தால் பட்டை அழுகும், பூஞ்சைக்கு வாசல் திறக்கும். இன்னொரு பக்கம், தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் தலையில் இரண்டடி மண்ணும் சிமென்டும் ஏற்றினால் காற்று போகாது. மூச்சு முட்டிய வேர் சாகிறது, அதன் கணக்கு உச்சிக் கொத்தில் தெரிகிறது. நாம் உச்சிக்கு மருந்தடிக்கிறோம்.

"கோயில் அரசமரத்துக்கு மேடை இல்லையா?" என்று கேட்பார்கள். ஆலும் அரசும் தண்டிலிருந்தே புது வேர் விடக்கூடிய சாதி. அவற்றைப் பார்த்து வேம்புக்கும் புங்கைக்கும் மேடை கட்டுவது, மீன் நீந்துகிறதே என்று கோழியைக் குளத்தில் விடுகிற கதை.

அடையாளம் எளிது. ஆரோக்கியமான மரத்தின் தூர், யானைக்கால் போல விரிந்து மண்ணில் இறங்கும். விளக்குக் கம்பம்போல நேராக இறங்கினால் தூர் புதைந்திருக்கிறது என்று பொருள். மழை இல்லாத நாளில் மண்ணை எடுங்கள். மண்வெட்டி வேண்டாம், பட்டையில் பட்டால் அது வேறு காயம். மூங்கில் குச்சியும் கையும் போதும். விரிவு தெரியும்வரை எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றி வளைத்துக்கொண்ட மெல்லிய வேர்களை நறுக்கிவிடலாம். தடித்த வேரை ஒரே நாளில் வெட்டாதீர்கள். உட்கார வேண்டும் என்றால் இரண்டு கருங்கல் கால்களின் மேல் ஒரு கடப்பா கல் போதுமே.

செயலாளரிடம் இவ்வளவையும் சொன்னேன். "டைல்ஸ் போன வருடம்தான் போட்டோம் சார்" என்றார்.

கருகிய வேம்பை வெட்டிவிடுவது

மேலே சொன்னதற்கு நேர்மாறான தவறு. மழைக்காலத்தில் தெரு முழுக்க வேம்புகள் ஒரே சமயத்தில் நுனி கருகினால், அது திண்டின் வேலை அல்ல. தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி இளங்கொழுந்தில் சாற்றை உறிஞ்சும். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயவைக்கும். தெலங்கானாவில் 2021இல் ஊர் ஊராக இப்படிக் கருகியபோது மரமே போய்விட்டது என்று பயந்தார்கள். பங்குனி வரை பொறுங்கள். பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும். கன்றுகளுக்குத்தான் கவனம் தேவை.

தென்னையில் கறுப்பு படிந்ததும் விஷம் அடிப்பது

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று வீட்டுத் தென்னைகளிலும் இருக்கிறது. ஓலைமேல் படியும் கறுப்பு, ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளரும் பூஞ்சை. கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயின் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் முதலில் சாகும். மஞ்சள் ஒட்டும்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கறுப்புக்கு மைதாப் பசை: லிட்டருக்கு 25 கிராம். காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும்.

கிளையைத் தண்டோடு வழித்து வெட்டுவது

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். அதை விட்டுவைத்து வெட்டுங்கள். தார் பூச வேண்டாம்.

கரையான்

பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. தண்டின்மேல் அது கட்டிய மண்ணைத் தட்டிவிடுங்கள்.

ஆணி

அடிக்காதீர்கள்.

கூண்டைக் கழற்ற மறப்பது

கன்று நட்ட விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள், கூண்டு கழற்ற ஒருவரும் வருவதில்லை. எங்கள் தெருப் புங்கை ஒன்று இரும்புக் கம்பியை விழுங்கி வளர்ந்திருந்தது. வெளியே தெரிந்ததை மட்டும் வெட்டி எடுத்தேன். உள்ளே போன கம்பி இன்னும் அதன் வயிற்றில்தான் இருக்கிறது.