சேறு சாயத்தைத் தின்றதா, பதுக்கியதா? பார்க்கும் வழி

செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பில்தான் அவற்றின் நிறம் இருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை உடைத்துவிடும், நிறமும் போய்விடும். உடனே என் மாணவர்கள் குறிப்பேட்டை மூடப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன்: நிறம் போனதாலேயே சாயம் உடைந்தது என்று ஆகாது, சேற்றில் ஒட்டியும் இருக்கலாம்.

ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் மூன்று வேண்டும். ஆற்றோரத்தில் மேல் படிவைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அடியில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேற்றைக் கையுறையோடு அள்ளுங்கள். அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. முதல் பாட்டிலில் 200 கிராம் அப்படியே. இரண்டாவதில் அதே அளவு, ஆனால் கொன்ற சேறு: பிரஷர் குக்கரில் அரை மணி நேரம், மறுநாள் இன்னொரு முறை, ஏனென்றால் பாக்டீரியாக்களின் வித்துகள் முதல் முறையில் தப்பிவிடும். (அந்தக் குக்கரில் அப்புறம் சமைக்காதீர்கள்.) மூன்றாவதில் சேறே வேண்டாம்; சாயம் தானாகவே வெளுக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

சாயத்துக்கு, உணவில் சேர்க்கும் சன்செட் யெல்லோ போதும்; அதுவும் அசோதான். 1 லிட்டர் நீரில் 1 கிராம் கரைத்து, பாட்டிலுக்கு 20 மில்லி ஊற்றுங்கள். கொதித்து ஆறிய நீரால் கழுத்துவரை நிரப்பி, பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள். மூடியைத் தளர்வாக வைத்து இருட்டில் விடுங்கள்.

முதலாவது மட்டும் வெளுத்தால் அது உயிர்களின் வேலை. இரண்டாவதும் வெளுத்தால் சாயம் மண்ணில் ஒட்டியிருக்கலாம், அல்லது சல்ஃபைடே உடைத்திருக்கலாம். கொஞ்சம் சேற்றை எடுத்து, பாதி எத்தனாலும் பாதி நீரும் சில சொட்டு அம்மோனியாவும் சேர்த்துக் குலுக்குங்கள். நிறம் சேற்றிலிருந்து திரவத்துக்கு வந்தால் ஒட்டியதுதான். மெத்திலீன் நீலத்தை வைத்துச் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: காற்றில்லாதபோது வெளுக்கும், குலுக்கினால் நீலம் திரும்பிவிடும்.

சரி, நிஜமாகவே உடைந்துவிட்டது. இப்போது நீரில் இருப்பது அரோமாட்டிக் அமீன்கள், அதாவது பென்சீன் போன்ற வளையத்தில் நைட்ரஜன் தொகுதி ஒட்டிய துண்டுகள். சில சாயங்கள் பென்சிடின் போன்ற புற்றுநோய்க் காரணிகளைத் தரும். காற்றில்லாச் சேற்றில் இவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும், சிதைந்து ஒழிய ஆக்சிஜன் வேண்டும். ஆகவே வெளுத்த நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, ஒதுக்கிவைத்த மேல் படிவில் ஒரு கரண்டி சேர்த்து, மீன்தொட்டி பம்பால் காற்றடியுங்கள். பழுப்பேறினால் பதற வேண்டாம், அமீன்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. சாயம் போடாத சேற்றுநீரை ஒப்பிட வைத்துக்கொண்டு, நிறமாலைமானியில் 250 நானோமீட்டர் அருகே ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பாருங்கள். சன்செட் யெல்லோ உடைந்து வரும் அமீன்களில் ஒன்றான சல்ஃபானிலிக் அமிலம் அங்கேதான் காட்டும். வாரக்கணக்கில் அது இறங்கவே இல்லையென்றால், வேறோர் இடத்துப் படிவைச் சேர்த்துப் பாருங்கள். இதைப்போல சல்ஃபோனேட் என்ற கந்தகத் தொகுதி உள்ள அமீனை எல்லா பாக்டீரியாவும் தொடாது.