தாத்தா குரல் உள்ள கேசட்டை உடனே ஓட விடாதீர்கள்

சிங்கப்பூர் வீட்டில் சாமான் போட்டுவைக்கும் பாம் ஷெல்டரை (குண்டுவீச்சுக்கான காப்பறையை) ஒழுங்குபடுத்தியபோது ஒரு பழைய மைலோ டின்னுக்குள் பதினோரு கேசட்டுகள் கிடைத்தன. ஒன்றின் மேல் அம்மாவின் கையெழுத்தில் ‘அப்பா பேசியது, மன்னார்குடி’ என்றிருந்தது. வெளிநாட்டுப் போன் கட்டணம் கையைக் கடித்த காலத்தில், ஊரில் பேசிப் பதிந்து, சிங்கப்பூர் வருபவர்களிடம் கொடுத்தனுப்பிய கேசட் அது. ஆசை தாங்காமல் பழைய பிளேயரில் போட்டு அமுக்கினேன். “எல்லாரும் சௌக்கியமா” வரைக்கும் வந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ரப்பர் உருளையில் நாடா இடியாப்பமாய்ச் சுற்றிக் கிடந்தது.

தவறு கேசட்டில் இல்லை. ரப்பர் உருளையும் இரும்புக் கம்பியும் நாடாவை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். வலப்பக்கச் சக்கரம் அதை வாங்கிச் சுற்ற வேண்டும். உள்ளே பெல்ட் தளர்ந்திருந்தால் சக்கரம் நின்றுவிடும், நாடா வெளியே வழியும். ஆகவே முதலில் தூக்கியெறியக்கூடிய ஒரு கேசட்டைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள்.

இன்னொரு பெரிய தவறு பூசணத்தைக் கவனிக்காமல் விடுவது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கேசட்டின் சின்ன ஜன்னலை விளக்குக்கு நேரே பிடியுங்கள். பழுப்பு நாடாவின் ஓரத்தில் விபூதி பூசியதுபோல் வெள்ளை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது. வேகமாகச் சுற்றி உதறலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் கிழியும், தூள் ஹெட்டில் படியும், அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே ஒரு பையில் போட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றைக் கேமராவுக்கு வாங்கும் டிரை பாக்ஸில் வைத்தால் போதும்.

நாடா தளர்ந்திருந்தால் கேசட்டின் சக்கர ஓட்டையில் ஆறுபட்டைப் பென்சிலை நுழைத்துக் கையால் சுற்றுங்கள். 120 நிமிடக் கேசட்டென்றால் இன்னும் மெதுவாக. அதன் நாடா 60 நிமிடக் கேசட்டில் உள்ளதைவிட ஏறக்குறைய பாதித் தடிமன்தான். சிக்கனம் பார்த்து அதைத்தான் நம் வீடுகளில் நிறைய வாங்கியிருக்கிறோம்!

கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அந்தக் காலத்தில் உடைந்த ஓட்டையைச் செலோடேப் ஒட்டி மூடி மறுபடி பதிவோமே, அந்தச் செலோடேப்பை இப்போதே உரித்துவிடுங்கள். பேரப்பிள்ளை ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் பயமில்லை. அறுந்த நாடாவை இணைக்கவும் செலோடேப் வேண்டாம், பசை கசியும். அதற்கென்றே ஒட்டுநாடா உண்டு.

பழைய நாடாவை அடுப்பில் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே? சில பழைய ஸ்பூல் நாடாக்களுக்கான வைத்தியம் அது. கேசட்டுக்குச் செய்தால் பிளாஸ்டிக் ஓடு வளையக்கூடும். கணினிக்கு மாற்றும்போது முதல் பிரதியை ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, இரைச்சலை நீக்காமல் சேமியுங்கள். இரைச்சலோடு சேர்ந்து பின்னணியில் கேட்கும் காக்காய்ச் சத்தமும் போய்விடும்.

என் கேசட்டின் ஐந்து திருகுகளைக் கழற்றி, நாடாவை நீவி, வேறு ஓட்டில் மாற்றினேன். ஓடுகிறது. கசங்கிய இடத்தில் மட்டும் நான்கு விநாடி குரல் தண்ணீருக்குள் போகிறது. அங்கே தாத்தா என்ன கேட்டார் என்பது அம்மாவுக்கும் நினைவில்லை.