கரண்ட் போனதும் நீராவியை ஓட விடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நம் பிள்ளைகள் சிலர் வேதிப்பொறியியல் முடித்துவிட்டு, வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு டீசல் செய்யும் ஆய்வுக்கு வருகிறார்கள். 1955-லேயே சசோல்பர்க்கில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுத்த நாடு இது. ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து எண்ணெயாக்கும் ஃபிஷர்-டிராப்ஷ் உலை நமக்குப் புதிதல்ல. அதற்கு வேண்டிய ஹைட்ரஜனை நிலக்கரி இல்லாமல், 700 முதல் 850 டிகிரி சூட்டில் இருக்கும் செராமிக் செல்லில் கரண்ட் பாய்ச்சி நீராவியைப் பிரித்து எடுப்பதுதான் புதிது. நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளையே இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கசிவு பார்க்காமல் சிலிண்டரைத் திறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் நாளே யாராவது கண்டித்துச் சொல்லியிருப்பார்கள்.

மின்வெட்டில் நீராவி

லோட் ஷெட்டிங் நேரம். கரண்ட் நின்றுவிட்டது. ஆனால் கொதிகலனில் சூடு இருந்ததால் நீராவி போய்க்கொண்டே இருந்தது. "வெறும் நீராவிதானே அண்ணா, ஒன்றும் ஆகாது" என்றான் பக்கத்தில் நின்ற தம்பி. அந்த நீராவிதான் செல்லைக் கெடுத்தது.

செல்லின் ஒரு பக்கம் நிக்கல் கலந்த செராமிக். கரண்ட் ஓடும்வரை அங்கே ஹைட்ரஜன் உண்டாகும். நிக்கல் உலோகமாகவே இருக்கும். கரண்ட் நின்றால் ஹைட்ரஜனும் நின்றுவிடும். நீராவி மட்டும் மிஞ்சினால் நிக்கல் ஆக்சைடாக மாறும்; பருமன் ஏறத்தாழ 70 சதவீதம் கூடும். ஒட்டியிருக்கும் மெல்லிய சிர்கோனியா என்ற செராமிக் படலம் அதைத் தாங்காது.

கரண்ட் வந்ததும் ஹைட்ரஜன் விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நிக்கல் மீளும், விரிசல் மீளாது. அன்று மின்னழுத்தம் பழைய அளவுக்கு ஏறவே இல்லை. பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்டேக், அதாவது செல்களின் அடுக்கு, அது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் இரண்டு வால்வுகள் போதும், இதைத் தடுத்துவிடலாம். கரண்ட் போனால் நீராவி வால்வு தானாக மூட வேண்டும். நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிலிண்டரின் வால்வு தானாகத் திறக்க வேண்டும். யுபிஎஸ்ஸைக் கணினிக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், மின்னழுத்த அளவிக்கும் கொடுங்கள். கரண்ட் நின்றபின் செல்லின் மின்னழுத்தம் இறங்கி 0.7 வோல்ட்டை நெருங்கினால் நிக்கலுக்கு ஆபத்து. அப்புறம், சாதாரணமாக ஓடும்போதும் உள்ளே போகும் நீராவியில் 10 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தே இருக்கட்டும். நுழைவாயில் பக்கம் புதிய ஹைட்ரஜன் இன்னும் உண்டாகியிருக்காது.

அவசரச் சூடு

செல்லைச் சூடேற்றும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான். இரவு முழுக்க ஆனாலும் சரி.

குழாய்த் தண்ணீர்

கூடவே கூடாது. அதிலுள்ள சிலிக்கா நீராவியோடு போய் நிக்கலில் படியும்.

வெப்பத்தை வீணாக்குவது

ஃபிஷர்-டிராப்ஷ் உலை தானே சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டில் நீராவி செய்யாமல் கொதிகலனுக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தால், உயர்வெப்ப முறையை எடுத்துக்கொண்டதன் பெரிய ஆதாயமே போய்விடும்.

கார்பன் எங்கிருந்து?

டீசலுக்கு ஹைட்ரஜனோடு கார்பனும் வேண்டும். செகுண்டாவில் உள்ள எண்ணெய் ஆலையில் நிலக்கரியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதை எடுத்துக்கொண்டு, வரும் டீசலுக்குப் பசுமை என்று பெயர் வைக்காதீர்கள். பூமிக்கடியில் இருந்த கார்பன்தான் அது, லாரியின் புகைக்குழாய் வழியாகக் காற்றில் கலக்கும்.