கணுக்காலுக்கு மேலே வலித்தால் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள்

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கும்போது, என் வலது பாதம் வேருக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் இடப்பக்கம் திரும்பி விழுந்தேன். வீக்கம் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "சுளுக்குதான் தம்பி, எண்ணெய் போட்டு உருவினா சரியாப் போயிடும்" என்றார், நானும் காலை நீட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஏற்றத்தில் காலை ஊன்றவே முடியவில்லை. அது சாதாரணச் சுளுக்கே இல்லை, கணுக்காலுக்கு மேலே ஜவ்வில் பட்ட அடி. நீங்களாவது வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் வலி எங்கே என்று பாருங்கள்

சாதாரணச் சுளுக்கில் பாதம் உள்பக்கம் மடங்கும், வெளிக்கணுவைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் வலிக்கும். எனக்கு வந்த இந்த அடி வேறு. முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா என்று இரண்டு எலும்புகள் இருக்கின்றன இல்லையா, அவற்றைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டியிருக்கும் ஜவ்வில் அடிபடுவது. சிண்டெஸ்மோசிஸ் காயம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். பாதம் வெளிப்பக்கம் திருகும்போதுதான் பெரும்பாலும் வரும். கணுக்காலின் முன்பக்கம், இரண்டு எலும்புக்கும் நடுவே விரலால் அழுத்திக்கொண்டே மேலே போங்கள். சுருக்கென்று வலித்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து, கெண்டைக்காலின் நடுவில் இருபக்கமும் கை வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்து மெதுவாக அமுக்குங்கள். அமுக்குவது மேலே, வலி கீழே கணுக்காலில் என்றால் சந்தேகம் வலுக்கிறது. வலிக்கவில்லை என்பதால் காயமே இல்லை என்று ஆகிவிடாது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு, அதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது. கணுக்காலுக்குள் உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஏற்றம் ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்குகிறது, அந்த அகலமான பகுதி ஆப்பு மாதிரி இரண்டு எலும்புக்கும் நடுவில் நுழைந்து விலக்கப் பார்க்கிறது. அதனால்தான் சமதளத்தில் நொண்டி நொண்டியாவது நடப்பவர் ஏற்றத்தில் அப்படியே நின்றுவிடுவார், குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், கணு எலும்பைத் தொட்டாலே துடித்தால், கால் கோணலாகத் தெரிந்தால், விரல்கள் மரத்துப்போனால், அன்றைக்கே. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கீழே திருகிய வேகத்தில் ஃபிபுலா மேலே உடைந்திருப்பதும் உண்டு, கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியாமல் போய்விடும். மேட்டுப்பாளையம் இறங்குவதாக இருந்தால் பின் சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்

காலை ஊன்றாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், விரல் நீலம் பாய்ந்தால் அவிழ்த்துத் தளர்த்துங்கள். படுக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். சுடச்சுடப் புளி உப்புப் பற்று, வெந்நீர் ஒத்தடம், உருவுவது எதுவும் இப்போது வேண்டாம். குளிர் காலத்தில் ஐஸ் வைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்தான், சமாளியுங்கள்.

அப்புறம்

எலும்புகள் விலகாமல் இருந்தால் கணுக்காலை அசையவிடாத பூட் போட்டு, ஊன்றுகோலோடு சில வாரம். விலகியிருந்தால் ஸ்குரூவோ கெட்டியான நூல் மாதிரி ஒன்றோ போட்டு இழுத்துக் கட்டும் ஆபரேஷன். எக்ஸ்ரேயில் சந்தேகம் தீரவில்லை என்றால் எம்ஆர்ஐ கேட்பார்கள். லேசான சுளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் விட்டுவிடும். இதற்கு 6 வாரம் என்பதே குறைவு, இரண்டு மூன்று மாதம் சாதாரணம்.

டாக்டர் ஊன்றலாம் என்றதும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். முதலில் சமதளத்தில் நடை, பிறகு ஒற்றைக்காலில் நிற்பது, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குவது, வலியில்லாமல் நொண்டியடிப்பது. ஏற்றம் எல்லாவற்றுக்கும் கடைசி. நான் 8-வது வாரம் கடைத்தெருவில் ஒழுங்காக நடந்தேன், வீட்டுக்கு மேலே ஏறும் அந்த மண்பாதைக்கு 12-வது வாரம் ஆனது.