எஞ்சினை இறக்காமலே 911-க்கு டேப்பெட் செட்டிங்

பழைய ஏர்கூல்டு போர்ஷே 911-இல் டேப்பெட் பார்க்க, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ஸ்க்ரூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய, எஞ்சினை இறக்க வேண்டியதில்லை; பொறுமை இருந்தால் போதும். முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

கிராங்க் புல்லியைக் கடிகாரத் திசையில் சுற்றி, அதிலுள்ள இசட்1 குறியை (முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி) நேருக்குக் கொண்டுவாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள கோட்டை நோக்கி நின்றால் சரி, முதல் சிலிண்டரில் தொடங்கலாம். எதிர்ப்பக்கம் நோக்கி நின்றால் புல்லியை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்புறம் புல்லியை 120 டிகிரி சுற்றுவதற்கு ஒரு சிலிண்டராக, எரியும் வரிசையான 1-6-2-4-3-5-இல் போங்கள்.

இன்டேக் வால்வுகளை மேலிருந்து பார்க்கலாம். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இடைவெளி இரண்டுக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடு, வெண்ணெயில் கத்தி இழுப்பதுபோல லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். இறுக்கியபின் மறுபடி தகடு விட்டுப் பாருங்கள். நான் முதல்முறை இதைச் செய்யாமல் விட்டு, வால்வு கவர்களை எல்லாம் திரும்பக் கழற்றினேன்.

இடைவெளி கூடினால் சத்தம்தான் வரும்; குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வே கருகும். கவருக்குப் புது கேஸ்கெட் போடுங்கள்.