இங்கிலாந்தின் பழைய கடலோரக் கிராமங்கள்: தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விடுமுறை வீட்டைப் படம் பார்த்துப் பிடித்துப்போய்ப் பணம் கட்டிவிடுகிறார்கள். கார் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்பதில்லை. இந்த மீனவ ஊர்கள் கார் என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே செங்குத்துச் சரிவில் எழும்பியவை. டெவன் கடற்கரையில் இருக்கும் கிளவெல்லியின் பிரதானத் தெருவில் வண்டிக்கே இடமில்லை. கல் பாவிய சரிவில் சாமான்களை இன்றும் சறுக்குப்பலகையில் வைத்துத்தான் இழுக்கிறார்கள். யார்க்‌ஷயரின் ராபின் ஹூட்ஸ் பே கிராமத்திலும் காரை மேலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சக்கரம் வைத்த பெரிய பெட்டி இங்கே பாரம், முதுகுப்பை போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வருகிறார்களா? கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை எவ்வளவு தூரம், எத்தனை படி என்று முன்பதிவுக்கு முன்பே உரிமையாளரிடம் கேளுங்கள்.

சரி, அதெல்லாம் சிரமம்தான், ஆபத்தில்லை. ஆபத்து கடலில் இருக்கிறது. கடல்நீர் உயர்ந்து கரையேறும் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முன்பு நடந்த மணல்தானே என்று அதே நேரத்துக்குச் சில நாள் கழித்துப் போனால், முன்னால் தண்ணீர், பின்னால் செங்குத்துப் பாறை என்று மாட்டிக்கொள்ளலாம். 635-ல் மடாலயம் எழுந்த லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையையே கடல் நாளுக்கு இரண்டு முறை மூடுகிறது. முன்னால் போகும் காரை நம்பி இறங்காதீர்கள், அந்த ஓட்டுநரும் உங்களைப் போல வெளியூர்க்காரராக இருக்கலாம்!

கடல் ஏற்ற இறக்க நேர அட்டவணையைப் பார்ப்பவர்களும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் பிரிட்டன் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். எந்த நேரம் என்று அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள்.

விடுமுறை வீட்டை ஹோட்டல் என்று நினைக்க வேண்டாம். வரவேற்பறை இருக்காது, பெரும்பாலும் வாசலில் உள்ள சாவிப்பெட்டியை எண் போட்டுத் திறக்க வேண்டும். சரிவுகளுக்கு நடுவில் செல்போன் சிக்னல் காலை வாரிவிடும் என்பதால் அந்த எண்ணையும் வழியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சமையல் நம் பொறுப்பு, முதல் இரவுக்கான சாமான்களை வழியிலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம், பழைய வீடுகளில் வாசல் நிலையின் மேற்பகுதி தாழ்வாக இருக்கும். உயரமானவர்கள் குனிந்தே நுழையுங்கள்.