மாலொக் வர முதல் ஒரு கொட்டில்: பூட் நேர அலொகேட்டர் எழுதுவம்

எங்கட வன்னிப் பக்கம் காணி துப்பரவாக்கின உடன கல்வீடு எழும்பாது, முதல் நாலு கப்பு நட்டு கிடுகு போட்டு ஒரு கொட்டில், சீமெந்தும் மண்வெட்டியும் வைக்க இடம் வேணுமெல்லோ. ஓஎஸ்ஸின்ர நடுக்கருவான கேர்னல் பூட்டில எழும்பேக்கையும் இதே கதைதான். மெமரியைப் பக்கம் பக்கமாப் பிரிச்சுக் குடுக்கிற பேஜ் அலொகேட்டருக்கு அட்டவணை வேணும், அட்டவணை வைக்க மெமரி வேணும், கேட்ட அளவு மெமரி தாற மாலொக் இன்னும் பிறக்கவேயில்லை.

முதல், எந்தக் காணி எங்கட எண்டு பாருங்கோ. பயாஸ் மெஷின் எண்டா ஈ820 எண்ட பயாஸ் அழைப்பு மெமரித் துண்டுகளின்ர பட்டியல் ஒண்டு தரும், அதில வகை 1ஐ (பாவிக்கக்கூடிய மெமரி) மட்டும் தொடுங்கோ. 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடையில வீடியோவும் பயாஸும் குடியிருக்கு. பட்டியல் வரிசையா வருமெண்டும் நம்பாதேங்கோ, அடுக்கிப்போட்டுப் பாவியுங்கோ.

இனி எங்கட கொட்டில், அதுதான் பம்ப் அலொகேட்டர். ரெண்டே ரெண்டு மாறி: 'அடுத்தது' (வெறும் இடம் தொடங்கிற விலாசம்), 'எல்லை' (அந்தத் துண்டு முடியிற விலாசம்). கேர்னல் முடியிற விலாசத்தை கேர்னல் மெமரியில எங்க இருக்குமெண்டு எழுதிற லிங்கர் ஸ்கிரிப்டில இருந்து எடுத்து, 4095 கூட்டி, கடைசி 12 பிட்டையும் சுழியமாக்குங்கோ, அப்ப அடுத்த 4096 பைட் பக்கத்தின்ர தொடக்கத்துக்கு ஏறும். 1300000 இல முடிஞ்சா 1302528 இல தொடங்கும். ஆரும் இடம் கேட்டா 'அடுத்தது' விலாசத்தைக் குடுத்திட்டு, கேட்ட அளவுக்கு அதைத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான், குடுத்ததைத் திருப்பி வாங்கிற ஃப்ரீ ஒண்டும் வேண்டாம், கொட்டிலுக்கு ஆர் கதவுப்பூட்டு வாங்கிறது?

ஒரு இடத்தில மட்டும் கவனம். 'அடுத்தது'ம் அளவும் கூட்டி எல்லையோட ஒப்பிடாதேங்கோ, அளவு பெரிசெண்டா கூட்டல் சுத்தி வந்து சின்ன எண்ணாகி ஓமெண்டு சொல்லிப்போடும். எல்லையில இருந்து 'அடுத்தது'ஐக் கழிச்சு மிச்சம் காணுமோ எண்டு பாருங்கோ. காணாட்டி அங்கயே மெசேஜ் போட்டு நிப்பாட்டுங்கோ.

குடுக்க முதல் சுழியம் நிரப்புறதும் முக்கியம். கியூஈமியூ எண்ட போலி மெஷினில மெமரி சுழியமாத்தான் வாறது, அதால பிழை தெரியாது, உண்மையான லாப்டொப்பில குப்பை கிடக்கும். நான் இந்த நிரப்பலாலயே ஒருக்கா மாட்டினனான்: பூட்லோடர் கேர்னலுக்குப் பின்னால தொடக்க ஃபைல்கள் இருக்கிற இனிட் ராம்டிஸ்க்கை வைச்சிருந்தது, நான் அதையும் சேர்த்துத் துடைச்சுப்போட்டு ஃபைல் ஏன் வெறுமையா இருக்கெண்டு ஒரு இரவு முழுக்க முழிச்சிருந்தனான். அதால பூட்லோடர் இப்பிடி ஏத்தின மொடியூல்கள் முடியிற இடத்தையும் பாத்து, எது உயரமோ அதுக்கு மேலயிருந்து தொடங்குங்கோ. லினக்ஸின்ர பூட் நேர அலொகேட்டரான மெம்பிளொக் இதுக்குத்தான் இருக்கிற மெமரிக்கு ஒண்டு, ஒதுக்கினதுக்கு ஒண்டெண்டு ரெண்டு பட்டியல் வைச்சிருக்கு.

கடைசியா கையளிப்பு. கேர்னல் தொடக்கத்தில இருந்து 'அடுத்தது' வரைக்கும் ஆளிருக்கெண்டு பேஜ் அலொகேட்டருக்குச் சொல்லிப்போட்டு ஒரு கொடியை ஏத்துங்கோ, அதுக்குப் பிறகும் ஆராவது பழையதைக் கூப்பிட்டா கேர்னல் உடன பானிக் அடிச்சு நிக்கோணும்.